ஆடு தின்னாத கடுகு

1. திரும்பிப் போன சங்கிலி

சர்வேயர் நில அளவைச் சங்கிலியைத் தோளிலிருந்து இறக்கிக்கூட வைக்கவில்லை. கர்ணம் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். குருவிகுளத்துக்கு வடக்கே மூன்று வண்டிப்பாதைகள் சேரும் இடத்தில் ஒரு புறம்போக்கு. அன்று அதை ஏழைகளுக்கு வீட்டுமனையாக அளப்பதாக இருந்தது. இப்போதைக்கு அளக்க வேண்டாம் என்று தாசில்தாருக்கு எழுதியவர் எங்கள் ராமநாதன் சார். எழுதக் காரணம் ஒரு சாண் உயரமுள்ள ஒரு செடி. அதை முதலில் கண்டவள் நான்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. தாவர ஆய்வு அலுவலகம் ஒன்றில் சார் தாவரவியல் அதிகாரி, நான் அவருடைய ஃபீல்ட் அசிஸ்டென்ட். மழை நின்று கரிசல் காய்வதற்குள் வறண்ட நிலத்துச் செடிகளைச் சேகரித்து, பிளான்ட் பிரஸ்ஸில் அழுத்தி, உலர்த்தி, பெயர் கண்டு ஹெர்பேரியம் ஷீட்டில் ஒட்ட வேண்டும். சார் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் இருந்தார். எனக்கு ஒரு நெசவாளர் வீட்டு மாடி அறை. கீழே தறி ஓடத் தொடங்கும்போது எழுந்து, முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன். தோளில் பையும் கையில் குடையுமாக இறங்கும் பெண்ணை அந்த ஊர்க்காரர்கள் வேறு எப்படியும் நினைக்கவில்லை. போன முதல் நாளிலிருந்து நான் டீச்சர்.

சர்வேயர் போனதும் கூட்டத்தில் இருந்த ஒரு பெண் கர்ணத்திடம் கேட்டாள்.

"என்ன கர்ணம் ஐயா, சங்கிலி வந்த வேகத்துல போகுது?"

"ஆபீசர் செடி பாக்காங்க. பாத்து முடிச்சப்புறந்தான் அளக்கணுமாம்."

"நல்லாருக்கே! நமக்கு மனை கெடைக்க முன்ன செடிக்குப் பட்டா குடுத்துட்டாவளாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவள் சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் ஒரு பெண்குழந்தை தலையைத் தாயின் தோளில் போட்டபடி கிடந்தது. அவள் பெயர் பேச்சியம்மாள் என்று கர்ணம் பிறகு சொன்னார்.

"அவ மாட்டுத் தொழுவத்துல குடியிருக்கா சார். புருஷன் தூத்துக்குடில உப்பளத்துக்குப் போயிட்டான், எப்பவாவது வருவான். நிலக்காரரு அறுப்புக்கு முன்ன தொழுவத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. மார்ச் தாண்டிச்சின்னா இந்த மனையெல்லாம் வேற ஊருக்குப் போயிரும். பாத்துச் செய்யுங்க."

"காய் முத்தட்டும். அதுக்கப்புறம் ஒரு நாள் தள்ள மாட்டேன்" என்றார் சார்.

2. நாய்க்கடுகு இல்லை

அதற்கு முந்தைய வாரம்தான் அந்தச் செடியைப் பார்த்திருந்தேன். உடைமரமும் ஆவாரையும் எருக்குமாக இருந்த புறம்போக்கில், மூன்று பாதைகளும் சேரும் மூலையில் மட்டும், இரண்டு கட்டில் போடும் அளவு இடத்தில் மஞ்சளாகச் சில பூக்கள். வழியில் போன ஒருவரிடம் பெயர் கேட்டேன். "நாய்க்கடுகா இருக்கும் டீச்சர், அதான் இங்கன மண்டிக் கெடக்கும்" என்று நிற்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வேலையில் இப்படிக் கிடைக்கும் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அதை நம்பிவிடக் கூடாது. நாய்க்கடுகு எனக்கு நன்றாகத் தெரியும். அதன் இலை விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நான்கு இதழ்களும் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும். மகரந்தத் தாள்கள் நிறைய இருக்கும். காயைப் பிளந்தால் நடுவில் தடுப்பு இருக்காது. கடுகு போன்ற காயும் விதையும் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்ததே தவிர, அது கடுகின் ஃபேமிலி இல்லை.

இந்தச் செடியின் இலை ஒட்டவில்லை. நான்கு இதழ்கள் சிலுவை போல நான்கு திசையிலும் விரிந்திருந்தன. கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆறு மகரந்தத் தாள்கள். நான்கு நீளம், இரண்டு குட்டை. ஒரு பிஞ்சுக் காயை பிளேடால் கீறினேன். நடுவில் வெங்காயத் தோல் போல ஒரு மெல்லிய தடுப்பு. சந்தேகமே இல்லை. இது நிஜமான கடுகுக் குடும்பம்.

சாரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் லென்ஸை எடுக்கவில்லை.

"சரோஜா, இந்த ஜில்லாவுல யாராவது கடுகு பயிர் பண்றாங்களா?"

"இல்ல சார். கடைக்கு வர்றது எல்லாம் வடக்கேயிருந்து வருது."

"அப்ப இது எங்கிருந்து வந்தது? சமவெளியில, கரிசல்ல, தானா வளருது. கடுகுச் செடி மாதிரி இடுப்பு உயரமும் இல்ல. இது இந்த மண்ணுக்கே உரிய காட்டுச் செடியா இருந்தா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. தென்மாவட்டச் செடிகளைப் பற்றி அவர் பல வருடங்களாக எழுதிவந்த புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. கடுகுக் குடும்பத்துக்கு உரிய பக்கத்தில் தானாக வளரும் செடி ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு.

ஸ்பீசிஸ் எது என்று சொல்ல முற்றிய காய் வேண்டும். கேள்வி கேள்வியாகப் போய்ச் செடியை இனம்காணும் பட்டியலுக்குக் கீ என்று பெயர்; அதில் காயின் நுனியில் நீளும் மூக்கு எவ்வளவு நீளம், விதை ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்றுதான் முதல் கேள்விகளே வரும். அங்கே இருந்ததெல்லாம் பிஞ்சு. கீழிலைகளும் வெயிலில் கருகி உதிர்ந்துவிட்டன. அதனால்தான் சார் தாசில்தாருக்கு எழுதினார். அவர் செய்தது சரி என்றே அப்போது நினைத்தேன். இன்றும் அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு செடி உலகத்தில் அந்த இரண்டு கட்டில் இடத்தில் மட்டும் இருக்குமானால், அதன்மேல் சுவர் எழுப்பிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

3. சுடலைமுத்துவின் கம்பு

காய் முற்றும்வரை சார் சுற்று ஊர்களில் சேகரிப்பைக் கவனித்தார். புறம்போக்கில் தினமும் குறிப்பு எடுப்பது என் பொறுப்பு. என்னைக் குடைந்தது ஒரே கேள்வி. சுற்றிலும் பச்சையாக எதையும் ஆடு விட்டுவைக்கவில்லை. ஆவாரையின் அடியில் முளைத்த புல்லைக்கூட மழுங்கக் கடித்திருந்தது. இந்த இளம் செடிகள் மட்டும் எப்படித் தப்பின? கசப்பா? விஷமா? காட்டுச் செடி என்றால் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கக்கூடும். சார் அதைத்தான் சொன்னார். நான் ஓர் இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசான காரம், அவ்வளவுதான். இதை விட மோசமானவற்றை ஆடு தின்னும்.

எனவே ஆட்டைப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். சுடலைமுத்து என்ற பெரியவர் கண்மாய்ப் பக்கமிருந்து தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். மூலை நெருங்கியதும் முன்னால் ஓடி, கம்பைக் குறுக்கே நீட்டி, "ஹேய், ஹேய்" என்று மந்தையை வளைத்து அந்தப் பக்கம் கொண்டுபோனார். திரும்பி வரும்போதும் அதையே செய்தார். மறுநாளும் அப்படித்தான்.

"ஏன் அண்ணாச்சி, அங்கன மட்டும் ஆட்ட விட மாட்டேங்கிய?"

"அங்கன முள்ளு டீச்சரம்மா."

"முள் இல்லையே. நான் அங்கதான உக்காந்திருந்தேன்."

அவர் முகம் மாறியது. "அங்கனயேவா உக்காந்தீய?" என்று கேட்டார். பிறகு "குளிச்சிட்டியளா?" என்றார்.

எதற்குக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. வெயிலில் உட்கார்ந்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களும் அந்த மூலையைச் சுற்றித்தான் போனார்கள். அதையும் குறித்துக்கொண்டேன். பாதை அங்கே மேடாக இருப்பதால் என்று பக்கத்தில் ஒரு காரணமும் எழுதினேன். தானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டால் அதற்குமேல் கேள்வி கேட்கத் தோன்றாது.

4. "வெறும் கடுகுதான்"

ஒரு பகலில் பேச்சியம்மாள் என்னைத் தேடி வந்தாள். குழந்தையை ஆவாரை நிழலில் துண்டை விரித்துப் படுக்க வைத்தாள். குழந்தை அழவில்லை, அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"டீச்சர், நீங்க என்னத்தயெல்லாமோ பெருசா எழுதுதிய. அது வெறும் கடுகுதான். தாளிக்க கடுகு. அப்படியே எழுதிக் குடுத்திருங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யாராவது விதைச்சாங்களா?"

"அதெல்லாம் கேக்கப்பிடாது."

"நீங்க விதைச்சீங்களா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா... வேண்டாம். நீங்க படிச்சவுக, கண்டுபிடிங்க."

"யார் போட்டது, எப்ப போட்டதுன்னு சொன்னா நான் சார்கிட்ட இன்னைக்கே சொல்லிடுவேன். நாளைக்கே சங்கிலி வந்துடும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் வீடு. அந்த ஒரு வார்த்தையை அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கு அன்று தோன்றியதெல்லாம், மனைக்காகப் பொய் சொல்ல வந்தவளுக்குப் பொய் வரவில்லை என்பதுதான். அவள்மேல் இரக்கம் வந்தது, ஆனால் இரக்கத்தை வைத்து ஃபீல்ட் நோட்டில் பெயர் எழுத முடியாது. இப்போது அவள் சொன்னதை எழுதி, பிறகு அது காட்டுச் செடியாக இருந்துவிட்டால்?

"பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஐப்பசில இருந்து இப்படித்தான் கெடக்கா. சங்கரன்கோவில் ஆசுபத்திரில மருந்து குடுக்காவ. இப்ப கொஞ்சம் தேவல. பால் குடிக்கா." சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது அவளும் அந்த மூலையைச் சுற்றித்தான் போனாள்.

5. கூட வளரும் செடிகள்

ஃபீல்ட் நோட்டில் 'அசோசியேட்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. எடுத்த செடியைச் சுற்றி வேறு என்னென்ன வளர்கிறது என்று அதில் எழுத வேண்டும். அலுப்பான வேலை. உடைமரம், எருக்கு, ஆவாரை என்று நின்றபடியே எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். மறுநாள் காலை, செய்ய வேறொன்றும் இல்லாததால், முழங்காலிட்டு மண்ணோடு மண்ணாகப் பார்த்தேன்.

கடுகுச் செடிகளின் காலடியில் சின்ன நாற்றுகள் கொத்தாக நின்றன. ஒரே புள்ளியிலிருந்து எட்டுப் பத்து. நான்கைந்து இலைகள், பூ இல்லை. இலையைக் கசக்கி முகர்ந்து, காம்பைப் பார்த்து, கத்தரிக் குடும்பம் என்று எழுதினேன். அந்தக் குடும்பத்தில் இந்தப் பக்கத்துக் காட்டுச் செடிகள் எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எதோடும் பொருந்தவில்லை. 'ஸ்பீசிஸ் தெரியவில்லை' என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் அகலமான இரண்டு விதையிலைகளோடு இன்னொரு நாற்று. தண்டில் கரும்புள்ளிகள். செம்பருத்திக் குடும்பம். இதுவும் எந்தக் காட்டுச் செடி என்று விளங்கவில்லை.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். கடுகு ஒன்று, கத்தரி ஜாதியில் ஒன்று, செம்பருத்தி ஜாதியில் ஒன்று...

செம்பருத்தி ஜாதி இல்லை, பருத்தியேதான். கத்தரி ஜாதி இல்லை, மிளகாய். கொத்தாக முளைத்திருக்கிறது, ஏனென்றால் ஒரு முழு வற்றல் அப்படியே விழுந்து மக்கியிருக்கிறது. கடுகு, மிளகாய் வற்றல், பருத்திக்கொட்டை. இவற்றோடு கல்லுப்பும் இருந்திருக்கும். அது முளைக்காது.

நான் காய்ச்சலில் கிடந்த நாட்களில் என் அம்மா கை நிறைய எடுத்து என் தலையைச் சுற்றியவை இவைதான். எங்கள் வீட்டில் அடுப்பில் போட்டு வெடிக்க விடுவார்கள். இந்த ஊரில் முச்சந்தியில் கொண்டுவந்து போடுகிறார்கள். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். யாருக்காகக் கண்ணேறு கழித்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கழிந்தது திரும்பி வந்துவிடும். கழித்த இடத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆட்டையும் மிதிக்க விட மாட்டார்கள்.

சுடலைமுத்து ஏன் குளித்தேனா என்று கேட்டார் என்பதும், பேச்சியம்மாள் ஏன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள் என்பதும் எனக்கு ஒன்றாகவே விளங்கின.

6. ஊகம் போதாது

சாரை அழைத்து வந்து, நான் எதுவும் சொல்லாமல் நாற்றுகளை மட்டும் காட்டினேன். அவர் குனிந்தார். முதலில் மிளகாயைத் தொட்டார். பிறகு பருத்தியை. நிமிர்ந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மூணும் ஒரே கையில இருந்து வந்திருக்கு" என்றார். பிறகு, "எங்க வீட்டுல போன மாசம் எனக்கே சுத்திப் போட்டாங்க சரோஜா. நான் அப்பவும் ஏதோ படிச்சிட்டு உக்காந்திருந்தேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. புத்தகத்தின் அந்தப் பக்கம் வெறுமையாகவே போகப் போகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"மண்ணு காஞ்சதால குட்டையாயிடுச்சு. சரி. ஆனா நான் தாசில்தாருக்கு எழுத்துல நிறுத்தச் சொன்னேன். எழுத்துலதான் விடச் சொல்லணும். ஊகத்தை வச்சு எழுத மாட்டேன். ஊர்ல ஒருத்தர் ஆமான்னு சொல்லணும். வெறும் கடுகுன்னு வந்து சொன்ன அந்தப் பேச்சியம்மாவைக் கேட்டா என்ன?"

"அவங்களைக் கேக்க வேண்டாம் சார்."

"ஏன்?"

"அவங்க நம்புறதை நாம நம்பணும்னு இல்ல. ஆனா பிள்ளை இப்பதான் பால் குடிக்கிறா. நாம கேட்டு, அவங்க சொல்லி, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா, நாமதான் காரணம்னு அந்தம்மா சாகுறவரைக்கும் நினைப்பாங்க."

சார் தொப்பியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எப்படி நிரூபிக்கிறது?"

"மத்த முச்சந்தியெல்லாம் பாப்போம்."

ஒரே இடத்தில் பார்த்தால் ஊகம். பல இடத்தில் அதே மூன்றும் சேர்ந்து நின்றால் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. மறுநாள் ஒரு வாடகை டாக்சியில் இளையரசனேந்தல் பக்கமும் பனவடலிசத்திரம் பக்கமும் பாதை பிரியும் இடமெல்லாம் இறங்கி ஏறினோம். டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் சார், ஊருக்குள்ள போக மாட்டியளா? முக்குக்கு முக்கு எறங்கி மண்ணப் பாக்குதிய. பொதையல் கிதையலா?"

சில இடங்களில் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் மிளகாய் மட்டும். ஓரிடத்தில் மிளகாயும் பருத்தியும். பனவடலிசத்திரத்துக்குப் போகும் வழியில் ஒரு முச்சந்தியில் மூன்றும் இருந்தன. அங்கே குருவிகுளத்துக்கு முன்பே யாரோ நீர் தேங்கும் பள்ளத்தில் போட்டிருந்ததால் கடுகு முழங்கால் உயரம் வளர்ந்து, காய் முற்றி வெடிக்கத் தயாராக நின்றது. சார் காயின் மூக்கை அளந்தார். விதையை எண்ணினார். கீயை ஒவ்வொரு வரியாக என்னைப் படிக்கச் சொல்லி, ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வரியில், "தாளிக்கிற கடுகுதான்" என்றார். பேச்சியம்மாள் சொன்ன அதே வார்த்தை.

அன்றே தாசில்தாருக்கு எழுதினார். 'வீட்டு உபயோக விதை சிதறி முளைத்தது. பாதுகாக்க வேண்டிய தாவரம் அன்று. அளவைக்கு ஆட்சேபணை இல்லை.' எதற்காகச் சிதறியது என்று எழுதவில்லை. கேட்பவர்களும் இல்லை.

7. மூலை மனை

சங்கிலி மறுபடியும் வந்தது. நாங்கள் பிரஸ்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நாள் அது, வழியில் இறங்கிப் பார்த்தோம். மனைகள் வரிசையாகக் கல் நட்டுப் பிரிக்கப்பட்டிருந்தன. எல்லோரும் ஆளுக்கொரு கல்லின் பக்கம் நின்றார்கள். முச்சந்தியை ஒட்டிய மூலை மனையின் பக்கம் யாரும் இல்லை.

கர்ணம் சலித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கம் பாதை, மேட்டு மனை, தண்ணி நிக்காது. இதப் போயி வேண்டாங்கானுவ. என்னவே சுடலைமுத்து, ஒம்ம மவனுக்காவது எடுத்துக்கிடும்."

"வேண்டாம் ஐயா. கடைசி மனையே போதும்" என்றார் அவர், மூலையைப் பார்க்காமல்.

பேச்சியம்மாள் என்னைத் தனியே அழைத்தாள். "டீச்சர், எம்பேர எழுதினியளா?"

"யார் பேரும் எழுதலை. யாரும் எங்ககிட்ட எதுவும் சொல்லலையே."

"ஆமா. நான் ஒண்ணும் சொல்லல." அவள் மூச்சு விட்டாள். குழந்தை இடுப்பிலிருந்து என் குடைக் கம்பியை எட்டிப் பிடித்து இழுத்தது.

பிறகு அவள் நேராகக் கூட்டத்தைக் கடந்து போய் மூலைக் கல்லின் பக்கத்தில் நின்றாள். "இத எனக்கு எழுதுங்க ஐயா."

"ஏட்டி பேச்சி, யோசிச்சுத்தான் பேசுதியா?" என்று ஒரு பெண் பதறினாள். "ஊரு பூராவும் கொண்டாந்து..." பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தக் கொண்டாந்து போட்டாலும் இந்த மண்ணு பூக்க வச்சிருக்கு. பாக்கலியா நீ? கெட்ட மண்ணுல பூ பூக்குமா? எம்பிள்ள இங்கன நல்லாத்தான் இருப்பா. நீங்கல்லாம் இனி வேற முச்சந்தி பாத்துக்கிடுங்க."

இம்முறையும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கர்ணம் எழுதிக்கொண்டார். அந்த ஊரில் அந்த மூலையை மிதித்துக்கொண்டு நின்ற முதல் ஆள் அவள்தான்.

ஒரே செடிக்கு எங்கள் சார் ஒரு பெயர் கண்டார், பேச்சியம்மாள் ஒரு பொருள் கண்டாள். இரண்டும் அந்தச் செடியை உற்றுப் பார்த்துக் கண்டவைதான்.

அதற்குப் பிறகு என்னோடு வேலைக்கு வந்தவர்களிடம் நான் வற்புறுத்தியது ஒன்றே ஒன்று. இதழை எண்ணுங்கள், காயைப் பிளந்து பாருங்கள், அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு செடி தப்பிப் பிழைத்து நின்றால், அதைத் தின்ன வேண்டிய ஆடு ஏன் தின்னவில்லை என்று கேளுங்கள். ஆட்டுக்காரர் பதில் சொல்லவில்லை என்றால் அவரை விட்டுவிடுங்கள். முழங்காலிட்டு நீங்களே தேடுங்கள்.